"அக்கா, தொறக்கவே மாட்டேங்குது!"

ஏலகிரியில் குடியிருக்கிறேன் என்று சொன்னாலே கேட்பவர்களுக்கு ஒரு பொறாமை. "உங்களுக்கென்ன, ஜிலுஜிலு காற்று, ஏரி, பலா மரம்..." என்று பெருமூச்சு விடுவார்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, ஒரு ராத்திரி தங்கி, படகு விட்டுப் போகிறவர்களுக்கு அது சரிதான். இங்கேயே குடித்தனம் நடத்துகிறவளுக்கு? காலை ஆறரை மணி. அடுப்பில் பால் பொங்கப் போகிறது. போன் அடிக்கிறது.

"அக்கா, தொறக்கவே மாட்டேங்குது!"

கதவு இல்லை, ஊறுகாய் ஜாடி மூடியும் இல்லை. போனில் நாங்கள் அனுப்பி வைத்த காகிதம்!

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். என் கணவர் கணக்கு எழுதுகிறவர். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெரிய கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகள் ஏராளம். ஷெட்டில் பத்துப் பதினைந்து தையல் மெஷின் போட்டு நடத்துவார்கள். அவர்களுக்கு வருமான வரி, ஜி.எஸ்.டி., சம்பளக் கணக்கு எல்லாம் இவர்தான். முன்பு ஆம்பூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ். இவருக்கு மூச்சிறைப்பு வந்த பிறகு மாமியாரின் ஊரான அத்தனாவூருக்கு மேலே வந்துவிட்டோம். காகிதமெல்லாம் இப்போது போன் வழியாகத்தானே போகிறது, ஆபீஸ் எங்கே இருந்தால் என்ன? கம்ப்யூட்டரை அவர் பார்ப்பார், போனை நான் பார்ப்பேன். நான் படித்தது பிளஸ் டூ. ஆனால் கடந்த சில வருஷத்தில் பூட்டைத் திறக்க உதவுகிற வேலையில் பட்டமே வாங்கிவிட்டேன் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

'காகிதத்தைப் பூட்டுவானேன், பிறகு திறக்கத் தவிப்பானேன்?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டவள்தான். பூட்டாமல் அனுப்பி மானம் போனது என் கையாலேயே நடந்தது.

2021-ம் வருஷம். ஒரு யூனிட்டில் பதினோரு பெண்கள். அவர்களுடைய பெயர், தினக்கூலி, ஆதார் நம்பர், பேங்க் கணக்கு நம்பர் எல்லாம் ஒரே தாளில். "முதலாளியம்மாவுக்கு அனுப்பு" என்று இவர் கொடுத்தார். ஒரு கண் புளிக்குழம்பில், ஒரு கண் போனில். அதே பெயருள்ள இன்னொருத்திக்கு அனுப்பிவிட்டேன். அந்த இன்னொருத்தி யார் தெரியுமா? அதே ஷெட்டில் மூன்றாவது மெஷினில் தைக்கிற பெண்! கால் மணி கழித்துத்தான் பார்த்தேன். அவசரமாக அழித்தேன். என்ன பிரயோஜனம்? அவள் பார்த்தாயிற்று. பக்கத்து மெஷின்காரிக்குத் தன்னைவிட நாளுக்கு நாற்பது ரூபாய் கூட என்பதும் தெரிந்துவிட்டது. மறுநாள் நான்கு பேர் வேலைக்கு வரவில்லை. முதலாளியம்மா பஸ் ஏறி மலைக்கே வந்துவிட்டார். தப்பு எங்கள் மேல். தலையைக் குனிந்து வாங்கிக் கட்டிக் கொண்டேன்.

நாற்பது ரூபாய்ச் சண்டை ஒரு மாதத்தில் ஆறிப் போயிற்று. ஆனால் அந்தப் பதினோரு பேருடைய ஆதாரும் பேங்க் நம்பரும் முன்பின் தெரியாத எவன் கைக்காவது போயிருந்தால்? என்னை நம்பியா அவர்கள் கொடுத்தார்கள்? யூனிட்டை நம்பிக் கொடுத்தார்கள். யூனிட் எங்களை நம்பியது. நானோ குழம்பைப் பார்த்துக் கொண்டிருந்தேன். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்றே பாராளுமன்றத்தில் ஒரு சட்டமும் வந்துவிட்டது. அதற்கு முன்பே எங்கள் வீட்டில் இவர் சட்டம் போட்டுவிட்டார்: இனி எந்தக் காகிதமும் பூட்டாமல் வெளியே போகக் கூடாது.

பி.டி.எஃப். என்கிறார்களே, அந்த மாதிரிக் காகிதத்தை 1993-ல் அடோபி என்ற அமெரிக்கக் கம்பெனி கொண்டு வந்தது. எந்த மெஷினில் திறந்தாலும் அச்சு மாறாமல் இருக்கும் என்பது அதன் விசேஷம். அதற்கு இரண்டு விதமான பூட்டுப் போடலாம். ஒன்று, திறப்பதற்கே சாவிச் சொல் கேட்பது. மற்றொன்று, திறந்து படிக்கலாம், ஆனால் அச்செடுக்கவோ திருத்தவோ விடாதது. முதலில் இவர் உற்சாகமாக இரண்டையும் போட்டார். ஆம்பூர் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு ஒரு அம்மா, "படிக்க வருது, பிரிண்ட் மட்டும் வர்ல. பேங்க்ல பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும்" என்று அழாக்குறையாகச் சொன்னதோடு அந்த இரண்டாவது பூட்டைக் கழற்றிவிட்டோம். யாராவது எண்ணைத் திருத்தி விடுவார்கள் என்று பயந்தால் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த பிரதி எங்களிடம் இருக்கிறதே, போதாதா?

அடுத்து வந்தது சாவிச் சொல் ரகளை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நடுவில் ஒரு கோலம் மாதிரிக் குறி எல்லாம் கலந்து இவர் போட்டுக் கொடுத்தார். "அக்கா, அந்தக் குரங்கு வால் சுத்தின மாதிரி ஒரு எழுத்து இருக்கே, அது எங்கிருக்கு?" என்று கேட்டுக் காலையில் மூன்று போன், மாலையில் நான்கு. இத்தனை அவஸ்தை தேவையே இல்லையாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில், கோணல்மாணல் குறிகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம், சொல் நீளமாக இருப்பதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டது. என் பெண் படித்துக் காட்டினாள். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, அவரவருக்குப் பிடித்த இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்து நீளமாக வைக்கட்டும் என்றேன். என் யோசனைதான், என் தலையிலேயே விடிந்தது. எல்லோரும் தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் வைத்தார்கள். ஒருவர் பழமும் கோழியும் சேர்ந்த மாதிரி ஒன்று வைத்திருந்தார். 'ழ'வுக்கு 'எல்' போட்டாரா, 'இசட் ஹெச்' போட்டாரா? ஒரு மாதம் கழித்து அவருக்கே ஞாபகமில்லை. எட்டு விதமாக அடித்துப் பார்த்தோம். நல்ல வேளை, பூட்டாத அசல் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. வேறு சாவி போட்டு மறுபடி அனுப்பினோம். அசல் இல்லாவிட்டால் அவ்வளவுதான். திறக்கும் சாவி தொலைந்த காகிதத்தைப் பூட்டுப் பண்ணின கம்பெனியாலேயே திறந்து கொடுக்க முடியாது. அதனால் இப்போதெல்லாம் 'ழ', 'ற', நெடில் வராத சொல்லாகப் பார்த்து வைக்கச் சொல்லி, எழுத்தெழுத்தாக அவரவர் கையாலேயே வீட்டு நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

இன்னொரு சின்னத் தொல்லை. போனில் முதல் எழுத்தைத் தட்டியதும் அதுவாகவே பெரிய எழுத்தாக மாறிவிடும். பூட்டு ஒத்துக் கொள்ளாது. வாட்ஸ்அப்பில் வந்த சொல்லை அப்படியே நகல் எடுத்து ஒட்டினால் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக் கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பூட்டுக்குத் தெரியும். எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டில்தான் முடியும். "மா, மொத எழுத்து சின்னதா இருக்கான்னு பாரு" என்று ஒரு வார்த்தை. "அட, தொறந்துகிச்சி!"

எங்கள் பூட்டாவது எங்கள் கையில். சர்க்கார் காகிதங்களுக்கு ஆளுக்கொரு சட்டம். இணையத்திலிருந்து இறக்கும் ஆதாருக்குச் சாவி என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருஷம் நான்கு இலக்கம். வருமான வரி இலாகா கணக்கைப் பார்த்த பிறகு அனுப்பும் அறிவிப்புக்கோ பான் நம்பர் பத்தும் சின்ன எழுத்தில், பிறகு தேதி, மாதம், வருஷம் என்று எட்டு இலக்கம். அங்கே பெரிய எழுத்து, இங்கே சின்ன எழுத்து! பேங்குகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அந்தந்தப் பேங்க் அனுப்பும் மின்னஞ்சலிலேயே விதியை எழுதியிருப்பார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை.

இந்த ஆதார் விஷயத்தில் நம் பெண்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இனிஷியல்! பெயருக்கு முன்னால் இனிஷியலும் புள்ளியும் இருந்தால் அந்தப் புள்ளியும் நான்கில் ஒன்றாகக் கணக்காகும். ஆதார் ஆணையமே காட்டும் உதாரணம்: 'பி. குமார்' என்ற பெயர், 1990-ல் பிறந்தவர் என்றால் 'பி', புள்ளி, 'கே', 'யு', பிறகு 1990. இடைவெளி கணக்கில் வராது. பெயரே மூன்று எழுத்தென்றால் மூன்று போதும். இப்போது நம் கதையைப் பாருங்கள். பிறந்த வீட்டில் அப்பா இனிஷியல், புகுந்த வீட்டில் கணவர் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்கில் அதுவும் கிடையாது. எது சரி என்று அவளுக்கே தெரியாது. கையில் இருக்கும் ஆதார் அட்டையில் இங்கிலீஷில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதுதான் சாவி. வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

பிறந்த தேதியும் அப்படியே. "ஆடி மாசம், கிருத்திகை" என்பார் என் மாமியார். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயசு போதவில்லை என்று வாத்தியார் போட்ட தேதி ஒன்று உண்டு. இலாகாவுக்கு நட்சத்திரம் தெரியாது. வாத்தியார் தேதிதான் திறக்கும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பெயரும் பிறந்த வருஷமும் உறவு ஜனத்துக்கெல்லாம் தெரியும். ஆகவே அந்தச் சாவி முன்பின் தெரியாதவனுக்குப் பூட்டு. உறவுக்காரருக்கு வெறும் தாழ்ப்பாள்தான். நாமே போடும் பூட்டுக்கு அந்த மாதிரிச் சாவி வைக்காதீர்கள்.

நடுவில் ஒரு தடவை, காகிதத்தையே அனுப்பாமல் கூகிள் டிரைவில் வைத்து, இன்னாருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் திறக்கும்படி அனுமதி கொடுத்துப் பார்த்தோம். நாகரிகமான ஏற்பாடுதான். ஆனால் வாணியம்பாடியில் ஒரு பெரியவர், போன் வாங்கிய கடைப் பையன் எந்த மின்னஞ்சலைப் போட்டுக் கொடுத்தானோ அதோடு வாழ்கிறார். எங்களிடம் கொடுத்ததோ மகனுடைய முகவரி. "அனுமதி வேண்டும்" என்று எங்களுக்கு விண்ணப்பம் வந்தது, ஏதோ சினிமாக் கதாநாயகன் பெயரும் 007-ம் சேர்ந்த முகவரியிலிருந்து! யாரென்று தெரியாமல் எப்படி அனுமதிப்பது? போன் போட்டுக் கேட்டால், "அது யாரோ தெரியாதும்மா, நான் கேக்கவே இல்லயே" என்கிறார். இரண்டு நாள் துப்பறிந்த பிறகு அவரேதான் அந்த 007 என்று தெரிந்தது.

ஜெராக்ஸ் கடை சமாசாரமும் சொல்லிவிடுகிறேன். பூட்டி அனுப்பியதைக் கடைக்காரர் போனுக்கு அனுப்பி, சாவியையும் அதிலேயே எழுதிக் கொடுத்து அச்செடுத்தால் பூட்டினதே வீண். கடையில் வேறு வழியில்லைதான். அச்செடுத்ததும், "தம்பி, அதை அழிச்சிடுப்பா" என்று நின்று பார்த்து அழிக்கச் சொல்லுங்கள். கோபித்துக் கொள்ள மாட்டார்கள். நாங்களும் காகிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சாவியைப் போனில் வாயால்தான் சொல்வோம்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது போன வருஷம் மழைக் காலத்தில் ஒரு ராத்திரி.

மணி பதினொன்று இருக்கும். மலையில் மழை கொட்டினால் சிக்னல் போய்ப் போய் வரும். தெரியாத நம்பர். ஒரு பெண் குரல் அழுகிறது. எங்களிடம் கணக்குக் கொடுக்கும் ஒருவருடைய மனைவி. அவருக்கு நெஞ்சு வலி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பாலிசி காகிதமும் பான், ஆதாரும் கேட்கிறார்கள். எல்லாம் அவர் போனில்தான் இருக்கின்றன, நாங்களே ஒன்றாகத் தொகுத்து, பூட்டி அனுப்பியது. அவரோ உள்ளே, பேச முடியாத நிலையில். "அண்ணி, அந்த வார்த்தை என்னான்னு சொல்லுங்க" என்கிறாள்.

எனக்குக் கை உதறியது. சாவி என் நோட்டில் இருக்கிறது. ஆனால் அது அவருடைய காகிதம். "யாருக்கும் சொல்லாதீங்க" என்று சொல்லியிருந்தார். அவருடைய பான், பேங்க், சொத்து விவரமெல்லாம் அதில். இந்தக் குரல் அவர் மனைவிதானா? அவளை நான் ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன். அழுத குரலில் பேசி ஏமாற்றுகிறவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? அதே சமயம், அங்கே ஒரு உயிர். என் கணவரை எழுப்பினேன். அவரும் விழித்தார்.

கடைசியில் ஒன்று தோன்றியது. "நீ வை. நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பேசிய நம்பருக்கு இல்லாமல், எங்கள் நோட்டில் அவர் கொடுத்திருந்த நம்பருக்குப் போட்டேன். அவருடைய போன்தானே, அவளிடம்தானே இருக்க வேண்டும்? மழையில் நாலு தடவை போகவில்லை. ஐந்தாவது தடவை அவளே எடுத்தாள். மூத்த பையன் எந்த வகுப்பு, ஷெட் எந்தத் தெருவில் என்று கேட்டேன். பாவம், அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வியா! பதில் சொன்னாள். சாவியைச் சொன்னேன். முதல் எழுத்து பெரிதாகிவிட்டது, திறக்கவில்லை. மறுபடி சொன்னேன். திறந்தது.

சிகிச்சையை ஆஸ்பத்திரியில் முதலிலேயே ஆரம்பித்துவிட்டார்களாம், காகிதத்துக்காக நிறுத்தவில்லை. அதுவரை எனக்குத் தெரியாதே! முன்பணம் மட்டும் அக்கம்பக்கத்தில் கடன் கேட்டுக் கட்டியிருக்கிறாள். பாலிசி நம்பர் கிடைத்த பிறகு இன்ஷூரன்ஸ் அனுமதிக்கு எழுதினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் உடம்பு தேறி மலைக்கு வந்தார். "என்னைக் கேட்காமல் ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்பாரோ என்று எனக்கு உள்ளுக்குள் உதைப்பு. அவர் கேட்டதோ வேறு: "ஏம்மா, அவ்வளவு நேரம் ஏன் யோசிச்சீங்க?" நான் என்ன சொல்ல? இரண்டு கேள்விக்குமே என்னிடம் பதில் இல்லை. காபி கொடுத்தேன். குடித்துவிட்டுத் தானே சொன்னார், "நான் முன்னாடியே அவகிட்ட சொல்லி வச்சிருக்கணும்" என்று.

அதிலிருந்து புதிதாக யார் கணக்குக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்களுக்கு அடுத்தபடியாக யாருக்குத் திறந்து கொடுக்கலாம்? அவர் நம்பர் என்ன?" சிலர் மனைவி பெயரைச் சொல்கிறார்கள். சிலர் தம்பி பெயரைச் சொல்கிறார்கள். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நான் ஜன்னலைப் பார்ப்பேன். ஒரு ஷெட்டை நடத்துகிற அம்மா மட்டும் யோசிக்காமல், "எம் பொண்ணு. அவரு வேணாம்" என்றார். நான் கேள்வி கேட்காமல் எழுதிக் கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே. இன்ஷூரன்ஸ், பேங்க், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எல்லாம் இப்போது பூட்டோடுதான் வருகின்றன. எங்கள் அடுத்த வீட்டுப் பெண் தைராய்டு ரிசல்ட் வந்து மூன்று நாள் திறக்கத் தெரியாமல், 'ஒண்ணுமிருக்காது' என்று மாத்திரையையும் நிறுத்தி வைத்திருந்தாள். கூட வந்த செய்தியிலேயே சாவி எப்படி என்று எழுதியிருந்தது. யாராவது போன் செய்து, "நாங்கள் திறந்து தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்றால் மட்டும் உடனே வைத்துவிடுங்கள், எங்களைப் போன்றவர்கள் அதைக் கேட்கவே மாட்டோம். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக் கொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை பேருக்கும் 'அடுத்த ஆள்' யார் என்று எழுதி வைத்திருக்கும் அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இவரிடம் சொன்னால் இரண்டு நாளில் மறந்துவிடுவார். நேற்று ராத்திரி பெரியவளைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினேன். "இங்கேயா வச்சிருக்கே!" என்று சிரிக்கிறாள்.